பற்றுச்சீட்டில் எழுதப்படாத என்ஜின் ஒயில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குடும்பப் பாவனைக்கென ஜீப் வண்டி வைத்திருப்போர் சேர்விஸ் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவரும் பற்றுச்சீட்டுகள் பலவற்றில் “என்ஜின் ஒயில்” என்று எழுதி, அதற்கெதிரே ஒரு தொகை மாத்திரம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஊற்றப்பட்ட ஒயிலின் பிசுக்குமைத் தரம் (அதாவது தடிப்பின் அளவு) எது, அது எந்த நியமத்துக்கு அமைவானது, எத்தனை லீற்றர் ஊற்றப்பட்டது, பில்டர் புதிதாகப் போடப்பட்டதா என்ற விபரங்கள் அதில் இருப்பதில்லை. வாகனத் தொழினுட்பத்தை இளைஞர்களுக்குக் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பழுதடைந்த என்ஜின் ஒன்றைத் திறக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இதுவரை இதற்குள் என்ன ஒயில் ஊற்றப்பட்டது என்பதே. அதற்கு விடை கூற இயலாத நிலையில்தான் நம்மூர் உரிமையாளர்களிற் பெரும்பாலானோர் இருக்கின்றனர். ஒயில் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த விபரங்கள் எழுத்தில் தரப்பட வேண்டும் என்பதை வலியுறுத்தவும், அவை ஏன் முக்கியமானவை என்பதை வாசகர்களுக்கு எடுத்துரைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் வீதிகளில் ஓடும் வாகனங்களுக்கு வயதேறிவிட்டது. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் உற்பத்தியாகி வந்த ஹொண்டா வெசல் ஜீப்புகள் பத்து வருடங்களைக் கடந்துவிட்டன. மொண்டேரோ, பிராடோ வண்டிகளிற் பல அதனினும் மூத்தவை. புதிய வாகனத்தின் விலையோ அரச உத்தியோகத்தரின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே, இன்று வீட்டு முற்றத்தில் நிற்கும் ஜீப்பே பிள்ளைகளைப் பாடசாலைக்கும், முதியோரை வைத்தியசாலைக்கும், குடும்பத்தைக் கதிர்காமத்துக்கும் உகந்தைக்கும் இன்னும் பல வருடங்கள் சுமக்க வேண்டியிருக்கிறது. அந்த என்ஜினின் ஆயுளைத் தீர்மானிப்பவற்றுள் உரிமையாளரின் கையில் முழுமையாக இருப்பது ஒயில் ஒன்றுதான். அதையே நாம் மற்றவர் கையில் விட்டுவிடுகிறோம்.

ஒயில் கலனின் மீது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்றவாறு அச்சிடப்பட்டிருப்பது பிசுக்குமைத் தரமாகும். முதல் எண் கடுங்குளிரில் ஒயில் எவ்வளவு இலகுவாக ஓடும் என்பதையும், இரண்டாவது எண் 100 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், அதாவது என்ஜின் முழுச் சூட்டில் வேலை செய்யும்போது, ஒயில் எவ்வளவு தடிப்பாக இருக்கும் என்பதையும் காட்டுகின்றன. 20 தரத்துக்கு அந்த வெப்பநிலையில் 6.9 முதல் 9.3 வரையிலான சென்ரிஸ்ரோக் (பிசுக்குமையை அளக்கும் அலகு) பிசுக்குமையும், 50 தரத்துக்கு 16.3 முதல் 21.9 வரையிலான பிசுக்குமையும் வரையறுக்கப்பட்டுள்ளன. சிறிய எண் வேறுபாடாகத் தோன்றினாலும், முன்னையதைவிடப் பின்னையது இரு மடங்கு அளவில் தடிப்பானது. காலையில் ஆறியிருக்கும் என்ஜினில் இந்த இடைவெளி இன்னும் விரிந்து, மூன்று மடங்கையும் தாண்டிவிடும்.

“நமது ஊர் சூடான ஊர், கச்சான் காற்று வீசும் காலத்தில் தண்ணீர்போல ஓடும் ஒயில் தாங்காது, தடித்த ஒயில்தான் நல்லது” என்ற கருத்து கராஜ்களிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் அடிக்கடி கேட்கக்கூடியது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதாயினும் இது இன்றைய என்ஜின்களுக்குப் பொருந்தாது. என்ஜினின் குளிரூட்டும் நீரை 80 முதல் 95 பாகைக்கு இடையில் வைத்திருக்கத் தேர்மோஸ்டாட் இருக்கிறது. வெளியே 24 பாகையாக இருந்தாலும் 35 பாகையாக இருந்தாலும், சூடேறிய என்ஜினுக்குள் ஒயில் காணும் வெப்பநிலையில் பெரிய வேறுபாடு ஏற்படுவதில்லை. வெளிவெப்பம் முழுவதும் பொருட்டல்ல என்று கூற வரவில்லை; உற்பத்தியாளர் வாகனத்தோடு தரும் கையேடுகளிற் சில வெளிவெப்பநிலையைப் பொறுத்து இரண்டு மூன்று தரங்களை அனுமதிக்கின்றன. அந்த அனுமதியை வழங்க வேண்டியவர் என்ஜினை வடிவமைத்தவரேயன்றி, கடையில் எந்தக் கலன் மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பவர் அல்லர்.

0டபிள்யூ-20 கேட்கும் என்ஜினுக்குள் 20டபிள்யூ-50 ஊற்றினால் அது அன்றே நின்றுவிடாது. அதனாற்றான் தவறு வெளியே தெரிவதில்லை. இன்றைய பெற்றோல் என்ஜின்களில் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றியமைக்கும் பொறிமுறை ஒயிலின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. அதற்கான துவாரங்கள் மிகவும் குறுகியவை. அவற்றினூடாகத் தடித்த ஒயில் பிந்திச் செல்லும். காலையில் என்ஜினை இயக்கியவுடன் மேலே இருந்து வால்வுகளைத் திறக்கும் கெம் தண்டுக்கும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இருந்தால் அதன் தாங்கிக்கும் ஒயில் போய்ச் சேரும்வரை உலோகத்தோடு உலோகம் உராயும் நேரம் நீளும். ஒயிலைத் தள்ளவே என்ஜின் கூடுதலாக உழைப்பதால் எரிபொருட் செலவும் ஏறும். ஹைபிரிட் வாகனங்களில் என்ஜின் ஒரே பயணத்தில் பல தடவை நின்று நின்று இயங்குவதால், விரைவாகச் சென்று சேரும் மெல்லிய ஒயிலின் தேவை அவற்றுக்கு மேலும் அதிகம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூற வேண்டும். இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடி, ஒயில் குடிக்கத் தொடங்கிய என்ஜினுக்கு எப்போதும் மிக மெல்லிய ஒயிலே சிறந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஏழு பேரையும் பயணப் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை ஊடாகப் பதுளைக்கு ஏறும் வண்டியின் ஒயில், கல்முனைச் சந்தைக்குப் போய்வரும் வண்டியின் ஒயிலைவிட அதிகம் சூடாகும். இத்தகைய பாவனைக்கு, கையேடு 0டபிள்யூ-20 ஐயும் 5டபிள்யூ-30 ஐயும் அனுமதிக்குமாயின் இரண்டாவதைத் தெரிவது நியாயமானதே. கையேட்டின் பட்டியலுக்குள் நின்று ஒரு படி மேலே போகலாம். பட்டியலை விட்டு வெளியே பாய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன். ஒயில் குடிப்பதற்குக் காரணம் பிஸ்டன் வளையங்களா, வால்வு சீல்களா, டர்போவா என்று பார்க்காமல் தடித்த ஒயிலை ஊற்றிப் புகையை மறைப்பது, வருடாந்தப் புகைப் பரிசோதனையை ஒரு தடவை கடப்பதற்கு உதவலாம். தேய்மானம் அதனால் நிற்பதில்லை.

கையேடு என்றதும் நம்மவர் பலருக்கு எழும் தடை, ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த வாகனங்களின் கையேடு ஜப்பானிய மொழியில் இருப்பது. பல வண்டிகளில் அதுவும் இல்லை. இருந்தும் வழி இருக்கிறது. ஒயில் ஊற்றும் வாயின் மூடியிலேயே 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ பல வாகனங்களில் பொறிக்கப்பட்டிருக்கும். முன்மூடியின் (பொனட்டின்) கீழ்ப்புறத்து லேபலிலும் பார்க்கலாம். உற்பத்தி நிறுவனங்கள் தங்கள் கையேடுகளை இணையத்தில் வைத்திருக்கின்றன. ஜப்பானியப் பக்கத்தைக் கைபேசியால் படம்பிடித்து மொழிபெயர்த்துப் படிக்கும் வசதியும் இன்று எல்லோரிடமும் உண்டு. எண்களும் தரக்குறிகளும் எந்த மொழியிலும் ஒன்றே. என்ஜின் மாதிரி இலக்கத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டு தேட வேண்டும். ஒரே பெயரில் வந்த வண்டிகளுக்குள் பெற்றோல், டீசல், டர்போ, ஹைபிரிட் எனப் பல என்ஜின்கள் இருப்பதால், பக்கத்து வீட்டு எக்ஸ்-ட்ரெயிலுக்குப் பொருந்தியது நம்முடையதற்குப் பொருந்த வேண்டியதில்லை.

பிசுக்குமையோடு நின்றுவிடலாகாது. அதேயளவு முக்கியமானது, பலர் பாராமற் போகின்ற நியமக் குறி. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகமான ஏ.பி.ஐ. வழங்கும் குறிகளில் எஸ் எழுத்தில் தொடங்குபவை பெற்றோல் என்ஜின்களுக்கும், சி எழுத்தில் தொடங்குபவை டீசல் என்ஜின்களுக்கும் உரியவை. பெற்றோலுக்கு 2010 இல் எஸ்.என். தரமும் 2020 இல் எஸ்.பி. தரமும் வந்தன. பின்னையது முன்னையதின் இடத்தைத் தாராளமாக நிரப்பும். பழையது புதியதின் இடத்தை நிரப்பாது. சிறிய டர்போவும் நேரடி எரிபொருட் தெளிப்பும் கொண்ட என்ஜின்களில், குறைந்த வேகத்தில் அழுத்தி மிதிக்கும்போது தீப்பொறிக்கு முன்னரே எரிபொருள் தானாகப் பற்றிப் பிஸ்டனை உடைக்கும் ஓர் ஆபத்து உண்டு. அதைக் குறைப்பதற்கும் டைமிங் சங்கிலியின் தேய்மானத்தைக் குறைப்பதற்கும் வேண்டிய சோதனைகள் எஸ்.பி. தரத்தில் அடங்கியுள்ளன. டொயோட்டா சி.எச்.ஆர். வண்டிகளில் 1.2 லீற்றர் டர்போ என்ஜின் உள்ளவற்றை வைத்திருப்போர் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

டீசல் ஜீப்புகளின் நிலைமை இன்னும் கவனத்துக்குரியது. பழைய மொண்டேரோ போன்று புகைத் துகள் வடிகட்டி இல்லாத என்ஜின்களுக்குச் சி.ஐ.-4 தரத்திலான 15டபிள்யூ-40 ஒயில் நம் சந்தையில் எளிதிற் கிடைப்பதும் பலவற்றுக்குப் போதுமானதுமாகும். பின்வந்த டீசல் வண்டிகளில் புகைக் குழாயோடு டி.பி.எஃப். எனப்படும் துகள் வடிகட்டி பொருத்தப்பட்டிருக்கும். அதில் சேரும் கரியை வாகனம் தானே உயர் வெப்பத்தில் எரித்துவிடும். ஒயிலில் கலந்திருக்கும் கல்சியம், மக்னீசியம், நாகம் ஆகிய உலோகச் சேர்க்கைகள் எரிந்து மிஞ்சும் சாம்பலோ மேலும் எரிந்து போகாது. அது அந்த வடிகட்டிக்குள்ளேயே தங்கி ஆண்டுக்கு ஆண்டு அடைத்துக்கொண்டு வரும். இதற்காகவே சாம்பல் குறைந்த ஒயில்கள் தயாரிக்கப்பட்டு, ஜப்பானிய நியமத்தில் டி.எல்.-1 என்றும் ஐரோப்பிய நியமத்தில் சி2, சி3 என்றும் குறிக்கப்படுகின்றன. அத்தகைய வண்டிக்கு லொறிக்கு ஊற்றும் ஒயிலை ஊற்றினால் முதல் வருடத்தில் ஒன்றும் தெரியாது. பிறகு எச்சரிக்கை விளக்கு எரிவதும், இழுவை குறைவதும், வடிகட்டியைக் கழற்றி உட்புறத்தை உடைத்தெறிவதும் என்று கதை நீளும். அவ்வாறு உடைத்தெறிந்த பின் வெளியேறும் கரும்புகையைச் சுவாசிப்பவர்கள் நம் பிள்ளைகளே. இவ்வளவுக்கும் மூலகாரணமாகக்கூடிய ஒயில் எது என்பதைப் பல பற்றுச்சீட்டுகளில் காண முடியாது.

மினரல் (கனிய), செமி சிந்தெற்றிக் (பகுதிச் செயற்கை), ஃபுல் சிந்தெற்றிக் (முழுச் செயற்கை) என்ற பிரிவைப் பற்றி அதிகம் விவாதிக்கிறோம். சரியான பிசுக்குமையும் சரியான நியமமும் உள்ள ஒயில் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பது அதற்கு அடுத்த கேள்வியே. 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய தரங்கள் எப்படியும் சிந்தெற்றிக் அடிப்படையிலேயே வருகின்றன. தனியாக விற்கப்படும் சேர்க்கைப் போத்தல்களுக்குப் பணம் செலவிடுவதை நான் ஆதரிப்பதில்லை; தேவையான சேர்க்கைகள் ஒயிலில் ஏற்கெனவே உண்டு.

எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு நம்மூரில் 5,000 கிலோமீற்றர் என்றும் 10,000 கிலோமீற்றர் என்றும் ஒட்டுத்தாளில் எழுதிவிடுகின்றனர். ஜப்பானிய உள்நாட்டுக் கையேடுகள் பலவற்றில் டர்போ இல்லாத பெற்றோல் என்ஜினுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம் என்றும், கடும் பாவனையாயின் அதிற் பாதி என்றும் இருக்கும். டர்போ பெற்றோலுக்கு 5,000 கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், கடும் பாவனையில் அதிலும் பாதி. இதைப் படித்துவிட்டு 15,000 ஐப் பிடித்துக்கொள்வோர் “கடும் பாவனை” என்பதன் வரைவிலக்கணத்தை வாசிப்பதில்லை. எட்டுக் கிலோமீற்றருக்குக் குறைந்த பயணங்களைத் திரும்பத் திரும்பச் செய்தல், தூசும் கரடுமான வீதிகளில் ஓடுதல், மலை ஏற்ற இறக்கங்கள், நிறுத்திய வண்டியில் என்ஜினை நீண்டநேரம் இயங்கவிடல் ஆகியவையே அது. கல்லடியிலிருந்து பாலத்தைக் கடந்து நகரப் பாடசாலையில் பிள்ளையை இறக்கித் திரும்பும் பயணம் முதலாவது வகை. பாடசாலை விடும்வரை ஏசியைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருப்பது நான்காவது வகை. வேளாண்மை வெட்டுக் காலத்தில் படுவான்கரையின் கிரவல் வீதிகளில் ஓடுவது இரண்டாவது வகை. நமது பாவனை அனேகமாகக் கடும் பாவனையே. இதை ஏற்றுக்கொண்டு, கிலோமீற்றர் எட்டாவிட்டாலும் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு தடவையாவது ஒயிலை மாற்றிவிடுவது நம் மாவட்டங்களுக்குப் பொருத்தமான நடைமுறை என்பது என் கருத்து.

குறுகிய பயணம் ஏன் கெடுதல் என்று பலர் கேட்பர். எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. சிறிதளவு எரிபொருளும் சிலிண்டர் சுவரைக் கடந்து ஒயிலுக்குள் இறங்குகிறது. ஒயில் நன்றாகச் சூடேறி நெடுநேரம் ஓடினால் இவை ஆவியாகிப் போகும். சூடேறுமுன் வண்டி நின்றுவிட்டால் அவை அங்கேயே தங்கி, ஒயிலை மெல்லியதாக்கி அமிலத்தன்மையையும் ஏற்றும். ஹைபிரிட் வாகனத்தில் என்ஜின் அடிக்கடி ஓய்வதால் இது அதிகம். டீசல் வண்டியிலோ, துகள் வடிகட்டி தன்னைச் சுத்திகரிக்க மேலதிக எரிபொருளைத் தெளிக்கும்போது அதில் ஒரு பகுதி ஒயிலில் கலந்துவிடும். அளவுகோலில் ஒயிலின் மட்டம் குறைவதை மாத்திரமே நாம் அஞ்சுகிறோம். மட்டம் ஏறுவது அதனினும் அஞ்சத்தக்கது. சாதாரண ஒட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம் என்பதால், அதை நிரப்பி ஓடும் வண்டிகளில் ஒயிலின் அமிலத்தைச் சமன்செய்யும் ஆற்றலும் விரைவில் தீரும்.

மாரி காலத்தைப் பற்றியும் ஒரு சொல். காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியிலும் படுவான்கரையின் தாழ்ந்த பாதைகளிலும் வெள்ளம் பாயும் நாட்களில், ஜீப் உயரமானது என்ற துணிவில் இறங்கி நீரில் வண்டி நின்றுவிட்டால், மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. வண்டியை இழுத்துக் கரைசேர்த்து ஒயில் அளவுகோலை வெளியே எடுத்துப் பாருங்கள். ஒயில் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் நீர் உள்ளே போயிருக்கிறது. அந்த ஒயிலோடு ஒரு நிமிடங்கூட என்ஜினை இயக்கலாகாது. வெறும் கருமை நிறமோ அஞ்ச வேண்டியதன்று. டீசல் என்ஜினில் புதிய ஒயிலும் சில நூறு கிலோமீற்றருக்குள் கறுத்துவிடும். கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்வது ஒயிலின் பணியே.

இனி மாற்றும் வேலை. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி, சமதரையில் நிறுத்தி, கீழ் நட்டைக் கழற்றி ஒயில் சொட்டுச் சொட்டாகும்வரை வடியவிட வேண்டும். பல இடங்களில் இதற்கு ஐந்து நிமிடமும் கொடுப்பதில்லை. நட்டின் வொஷரை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். அதன் பெறுமதி சொற்பம். பழையதையே போட்டு ஒழுகாமலிருக்க அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் அலுமினியச் சம்பின் (அடியிலுள்ள ஒயில் தொட்டியின்) புரி உரிந்துவிடும், அதன் செலவு சொற்பமல்ல. பில்டரை ஒவ்வொரு மாற்றத்திலும் மாற்றுவதே முறை. புதிய பில்டரின் இறப்பர் வளையத்தில் சிறிது ஒயில் பூசி, பழைய வளையம் என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதை விரலால் தொட்டுப் பார்த்துப் போட வேண்டும். ஊற்றிய பின் என்ஜினை ஒரு நிமிடம் இயக்கி நிறுத்தி, ஐந்து பத்து நிமிடங்கள் பொறுத்து அளவுகோலால் மட்டம் பார்க்க வேண்டும். மேற்குறியைத் தாண்டி ஊற்றுவதைத் தாராள மனமாகக் கருதுவோர் உளர். என்ஜினின் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அந்த மிகை ஒயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உலோகத்தைக் காக்காது.

அளவு விடயத்தில் உரிமையாளர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. 1.5 லீற்றர் பெற்றோல் என்ஜின்கள் பெரும்பாலும் மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட லீற்றர்களையே கொள்ளும். 3 லீற்றர் டீசல் என்ஜின்கள் ஏழு லீற்றர் அளவில் கொள்ளும். கடையில் கிடைப்பது நான்கு லீற்றர்க் கலன். மூன்றரை லீற்றர் ஊற்றிய பின் மீதி அரை லீற்றர் எங்கே போகிறது? அதற்கும் பணம் செலுத்தியவர் உரிமையாளரே. பல இடங்களில் அந்த மீதி ஒரு பரலுக்குள் சேர்கிறது. 0டபிள்யூ-20 உம் 15டபிள்யூ-40 உம், பெற்றோலுக்குரியதும் டீசலுக்குரியதும் ஒன்றாகக் கலந்து, பின்னர் “லூஸ் ஒயில்” என்ற பெயரில் குறைந்த விலைக்கு இன்னொருவரின் என்ஜினுக்குள் போகிறது. மீதியைக் கலனோடு கேட்டு வாங்குங்கள். அடுத்த சேர்விஸ் வரை மட்டம் குறைந்தால் ஊற்றுவதற்கு அதைவிடப் பொருத்தமான ஒயில் கிடையாது.

வெற்றுக் கலனையும் விட்டுவிட்டு வர வேண்டாம். பெயர்பெற்ற நிறுவனத்தின் கலனில் தரமற்ற ஒயிலை நிரப்பி விற்போருக்கு முதல் மூலப்பொருள் நாம் எறிந்துவிட்டு வரும் கலனும் மூடியுமே. மூடியின் வளையம் உங்கள் கண்முன் உடைக்கப்பட வேண்டும். லேபலில் உள்ள தொகுதி இலக்கமும் கலனின் அடியில் பொறிக்கப்பட்டிருப்பதும் தெளிவாக வாசிக்கக்கூடியனவாக இருக்க வேண்டும். முடிந்ததும் கலனைத் துளையிட்டு அல்லது வெட்டிப் பாவிக்க முடியாததாக்க வேண்டும். நேர்மையான கடைக்காரர் எவரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். நம் பகுதியில் அத்தகையோர் பலர் உள்ளனர் என்பதையும் மகிழ்ச்சியோடு பதிவுசெய்கிறேன்.

வடித்தெடுத்த பழைய ஒயிலின் கதி தனியாகக் கவனிக்கப்பட வேண்டியது. ஒரு தடவை ஒயில் மாற்றும்போது வடிக்கப்படும் பாவித்த ஒயில் பத்து இலட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கக்கூடியது என அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கூறுகிறது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி ஆகிய ஊர்கள் வாவிக்கும் கடலுக்கும் இடையே மணல் நிலத்தில் நெருங்கி அமைந்தவை. மணலில் ஊற்றியது கிணற்றை அடைய நீண்டகாலம் எடுக்காது. வேலிக் கம்பங்களுக்குக் கறையான் பிடிக்காதிருக்கக் கழிவு ஒயில் பூசுவது நம்மிடையே பழைய வழக்கம். பாவித்த ஒயிலில் சேர்ந்திருக்கும் சேர்வைகளிற் சில தோலினூடாகத் தொடர்ந்து உடலிற் சேர்ந்தால் புற்றுநோயை உண்டாக்கவல்லவை என்பதால் இவ்வழக்கத்தையும், கையுறையின்றி ஒயில் மாற்றும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். சேர்விஸ் நிலையங்கள் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ்ச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் பெற வேண்டியவை. அங்கு சேரும் கழிவு ஒயில் அனுமதி பெற்ற சேகரிப்பாளருக்கே செல்ல வேண்டும். வீட்டில் தாமே மாற்றுவோர் அதை மூடியுள்ள கலனில் அடைத்து அத்தகைய நிலையம் ஒன்றில் ஒப்படைக்கலாம். அதைப் பொறுப்பேற்க மறுக்கும் நிலையங்கள் இருப்பின் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் மாவட்ட அலுவலகங்கள் இதில் தலையிட்டு வழிகாட்ட வேண்டும்.

முதலில் எடுத்துக்கொண்ட விடயத்துக்கு என்ன செய்யலாம் என்பதைக் கூறி முடிக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளை வாங்குபவர் கேட்டால் விற்பவர் பற்றுச்சீட்டு வழங்க வேண்டும் என்கிறது. மறுக்கப்பட்டால் அச்சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். ஆனால், விபரமற்ற பற்றுச்சீட்டு பெயரளவிலேயே பற்றுச்சீட்டாகும். எனவே, மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று மாநகர சபைகளும் ஏனைய நகர, பிரதேச சபைகளும், சேர்விஸ் நிலையங்களுக்கான வருடாந்த அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கும்போது, ஒயில் மாற்றத்துக்கான பற்றுச்சீட்டில் ஐந்து விபரங்கள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்கலாம். ஒயிலின் பெயர், பிசுக்குமைத் தரமும் நியமமும், ஊற்றிய லீற்றர் அளவு, பில்டரும் வொஷரும் மாற்றப்பட்டனவா என்பது, அந்நாளைய கிலோமீற்றர்க் கணக்கு ஆகியனவே அவை. அச்சிட்ட சீட்டில் வெற்றிடங்களாக விட்டால் வேலை செய்யும் இளைஞர் அரை நிமிடத்தில் நிரப்பிவிடுவார். சபைகள் அதைச் செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த தடவை ஒயில் மாற்றச் செல்லும் வாசகர்கள் பணம் செலுத்துவதற்கு முன்னர் இவ்விபரங்களை எழுதித் தருமாறு கேட்டு, அந்தச் சீட்டைக் கையேட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி அன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலைத் தொழினுட்பப் போதனாசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.